இருபதுக்குப் பதினொன்று

எங்கள் கடைக்கு வந்தவர்களில், "எனக்கு வித்தியாசம் எதுவும் கேக்கல" என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். இரும்புலியூரிலிருந்து வந்த ஒரு அக்கா.

குரோம்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த ஆடியோ கடை அது. விலை உயர்ந்த சாமான்கள் மட்டும் விற்போம். வருகிறவர்களுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டுவது என் வேலை. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். டேக் என்று ஒரு பெட்டி உண்டு, அதைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். போனிலும் கம்ப்யூட்டரிலும் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டை, ஸ்பீக்கர் பாடக்கூடிய மின்சாரமாக மாற்றித் தருகிற பெட்டி. ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கும். புது பைக் வாங்குகிற விலையிலும் கிடைக்கும். விலை ஏற ஏறப் பாட்டு திறந்துகொண்டே போகும் என்பது எங்கள் முதலாளியின் பேச்சு.

ஒரு சனிக்கிழமை மாலை, புதிதாக வந்த ஒரு டேக்கைக் காட்டுவதற்கு ஏழெட்டுப் பேரை அழைத்திருந்தோம். முதலில் சாதாரணப் பெட்டியில் ஒரு பாட்டு. பிறகு முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் ஆம்ப்ளிஃபையரில் ஒரு பட்டனை அழுத்தினால் புதுப் பெட்டிக்கு மாறும். அதே பாட்டு மறுபடி.

"என்ன சார், கண்ணாடிய துடைச்ச மாதிரி இல்ல?" என்றார் முதலாளி.

"குரல் முன்னாடி வந்து நிக்குது சார்" என்றார் ஒருவர். இன்னொருவர் மிருதங்கத்தில் விரல் படுவதே தெரிகிறது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி நாற்காலியில் பருத்திப் புடவையில், மடியில் ரெக்ஸின் பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மட்டும் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதுபோல.

"எனக்கு எதுவும் மாறல சார். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

முதலாளி சிரித்தார். "காது பழகணும் மேடம். போகப் போகத் தெரியும்."

"இருக்கலாம் சார். இப்ப கேக்கல."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். பட்டனை நான் சரியாக அழுத்தியிருக்கவில்லை. இரண்டு முறையும் பாடியது அதே பழைய பெட்டிதான்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிரே இருக்கிறவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்வதுதான் அந்தக் கடையில் எனக்கு ஆறு வருடப் பழக்கம். கடைக்கு வெளியேயும் நான் அப்படித்தான் இருந்தேன். என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு ஆம்பூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய் அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாராவது கேட்டால் "லீவு முடிஞ்சதும் வந்துடுவாங்க" என்பேன்.

ஆனாலும் அந்த அக்கா கையைத் தூக்கியது மனதிலிருந்து போகவில்லை. கடை நோட்டில் அவர் எழுதியிருந்த நம்பருக்குக் கூப்பிட்டு, வீட்டிலேயே வந்து காட்டுகிறோம் என்று ஒரு சாக்குச் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் பொழிச்சலூரில் இருக்கிற என் வீட்டிலிருந்து கிளம்பிப் போனேன்.

ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, கீழ்த்தளத்தில் ஒரு போர்ஷன். அவர் மட்டும்தான். கூடத்தில் இரண்டு ஆளுயர ஸ்பீக்கர்கள், ஒரே ஒரு நாற்காலி. மூலைகளில் பழைய மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தியிருந்தார், எதிரொலி வராமலிருக்க. உட்கார்வதற்கு முன்பே நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான் ஸ்விட்ச்ச மாத்தவே இல்ல."

"அப்படியா" என்றார். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. "சொன்னதுக்கு தேங்க்ஸ் தம்பி. உங்க முதலாளிகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"அவர்கிட்டயும் சொல்லிடு." உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அவர் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய வேலையே கேட்பதுதான். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. கார் கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கிற வைப்பரின் மோட்டார் ஒவ்வொன்றாக வரும். ஓடவிட்டுக் கேட்டு, ஓகே அல்லது ரிஜெக்ட் என்று எழுத வேண்டும். "பல் சக்கரத்துல ஒரு பிசிறு இருந்தா 'டிக்'னு ஒரு சத்தம் வரும் தம்பி. கேட்டா ரிஜெக்ட். கேக்கலன்னா ஓகே. கேட்ட மாதிரி இருந்துதுன்னு ஒரு கட்டம் அந்த ஃபாரத்துலயே கிடையாது."

அந்த ஃபாரம்தான் அவர் என்று எனக்குப் பிற்பாடு தோன்றியிருக்கிறது. கேட்டது, கேட்கவில்லை. மூன்றாவதாக ஒன்று அவரிடம் இல்லை.

ஒருநாள் என் வண்டி சர்வீஸில் இருந்தது. அவர் சர்ச் முடிந்து வரும்போது தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சந்தித்து, இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் டிரைவரின் தோளைத் தட்டினார்.

"பின்னாடி இடது சக்கரத்துல பேரிங் போயிருக்குப்பா."

"இன்னாக்கா நீ, நேத்துதான் மெக்கானிக்காண்ட வுட்டு எடுத்துகினு வந்தேன். வண்டி சூப்பரா கீது."

"எனக்குக் கேக்குது. நிறுத்து, இறங்கிக்கறேன்."

"பேஜாரா போச்சே! மத்தவங்கள்லாம் உக்காந்துகினு வர்றாங்க இல்ல?"

இறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் டேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். மிச்ச தூரம் வெயிலில் நடந்தோம். அந்தச் சக்கரம் பிறகு கழன்றதா, இல்லை அந்த ஆட்டோ நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததா, எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் இல்லை.

கல்யாணம் ஆகாததற்கும் அவர் ஒரு காரணம் சொல்லுவார், சிரித்துக்கொண்டே. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை நன்றாகப் பாடுவாராம். பாடினாராம். எப்படி இருந்தது என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார்.

"மூணாவது வரில சுருதி இறங்கிடுச்சுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேசரி சாப்பிட்டாங்க. போயிட்டாங்க."

ரம்ஜான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோன்போடு போனேன். வழக்கமாக மேசைமேல் இருக்கும் டீ பிளாஸ்க் அன்று இல்லை. எனக்காக எடுத்து வைத்துவிட்டார் என்று புரிந்தது. "நீங்க குடிங்கக்கா, எனக்கொண்ணும் இல்ல" என்றேன். இன்னொருவராக இருந்தால் எனக்கும் இப்போது வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இவர், "எனக்குத் தாகமாத்தான் இருக்கு. ஆனா உன் முன்னாடி குடிக்க மாட்டேன்" என்றார்.

இப்படி எத்தனை ஞாயிறு என்றால், ஏறக்குறைய எட்டு மாதம். அவருக்கு ஒரு நல்ல டேக் வேண்டும். அதை முதலாளி சொல்வதை வைத்தோ, பத்திரிகையில் போட்டிருப்பதை வைத்தோ வாங்க மாட்டார். தன் காது சொல்ல வேண்டும். காது சொல்கிறதா, ஆசை சொல்கிறதா என்று பிரித்துப் பார்க்க ஒரு முறையும் வைத்திருந்தார். அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரை. அவரிடம் ஏற்கெனவே இருக்கும் சாதாரண டேக் ஒன்று, நான் கொண்டுவந்தது ஒன்று. ஒவ்வொரு தடவையும் நான் காசைச் சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் பழையது, பூ விழுந்தால் புதியது. எது பாடுகிறது என்று அவர் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று நான் நோட்டில் குறித்துக்கொள்வேன், வாயைத் திறக்கக் கூடாது. அதற்கும் முன்னால், இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் பாடுகிறதா என்று மீட்டர் வைத்து அளப்பார். "கொஞ்சம் சத்தம் கூடினாக்கூட அதுதான் நல்லா இருக்குன்னு தோணிடும் தம்பி. அதுலதான் பாதிப் பேர் ஏமாறுறாங்க." எங்கள் கடையில், அந்தச் சனிக்கிழமை நான் மறந்துபோனது தவிர, புதுப் பெட்டியைக் காட்டும்போது சத்தத்தைக் கால் சுற்று ஏற்றுவது வழக்கம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மொத்தம் இருபது தடவை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பத்து சரியாக வந்துவிடும். பதினைந்துக்குக் குறையாமல் வந்தால்தான் காதுக்குக் கேட்கிறது என்று அர்த்தம், வாங்கலாம். இது அவர் வைத்த கணக்கு.

கடையிலிருந்து ஒரு பெட்டி கைக்கு வரவே இரண்டு மாதம் ஆகும், நடுவிலுள்ள ஞாயிறுகளில் சும்மா பாட்டுக் கேட்போம். முதல் பெட்டிக்கு ஒன்பது வந்தது. இரண்டாவதற்குப் பன்னிரண்டு. மூன்றாவதற்குப் பத்து. ஒவ்வொரு முறையும் நான் எண்ணைச் சொன்னதும், "அப்ப கேக்கல" என்பார். பெட்டியை மூட உதவுவார். பிறகு டீ குடிப்போம், அவர் செய்த ரவா கேக்கை ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிடுவோம். நான் ஐந்து மணிக்குக் கிளம்புவேன். இந்த ஞாயிற்றுக்கிழமையைப்போல வாரத்தில் வேறெதையும் நான் எதிர்பார்த்ததில்லை. வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. இதை அவரிடம் சொன்னதில்லை. மனைவி எப்போது வருகிறார் என்று அவர் ஒரு முறை கேட்டபோதும், லீவு முடிந்ததும் என்றுதான் சொன்னேன்.

சோதனைக்கு அவர் எப்போதும் போடுவது ஒரே பதிவு. அவருடைய சர்ச் பாடகர் குழு ஒரு கிறிஸ்துமஸில் பாடிய கீதம். யாரோ ஒற்றை மைக் வைத்துப் பதிவு செய்தது. "இதுல யார் எங்க நின்னாங்கன்னு எனக்குத் தெரியும், அதனால இதுதான் சரியா வரும்" என்று முதலில் காரணம் சொன்னார். உண்மையான காரணத்தை ஐந்தாறு வாரம் கழித்துச் சொன்னார்.

பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடிய ஒரு சிநேகிதி இருந்தார். தொழிற்சாலையிலும் அவர் கூடவே வேலை பார்த்தவர். ஒரே கம்பெனி பஸ், ஒரே சாப்பாட்டு மேசை, இருபது வருடம். ஒரு ஈஸ்டருக்குத் தனியாகப் பாடும் வாய்ப்பு அந்தச் சிநேகிதிக்கு வந்தது. பயிற்சியெல்லாம் முடிந்து, பஸ்ஸில் வரும்போது, "என் குரல் முன்ன மாதிரியே இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லன்னேன்" என்றார் அக்கா. "மேல போறப்ப நடுங்குதுன்னேன். நடுங்கிச்சு தம்பி. கேட்டா, சொன்னேன்."

சிநேகிதி அந்த ஈஸ்டருக்குப் பாடவில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு நாகர்கோவில் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்.

"இந்தப் பாட்டுல நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கறோம். ஆனா எது என் குரல், எது அவளோடதுன்னு தெரியல. ரெண்டு குரலும் ஒட்டிக்கிட்டிருக்கு. நல்ல டேக்ல குரலெல்லாம் பிரிஞ்சு கேக்கும்னு போட்டிருந்தாங்க. அதான்."

ஒற்றை மைக்கில் ஒன்றாக விழுந்த இரண்டு குரல்களை எந்த விலைப் பெட்டியாலும் பிரிக்க முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். "பார்க்கலாம்க்கா" என்றேன்.

நான்காவதாகக் கொண்டுபோனது கடையிலேயே விலை அதிகமான பெட்டி. தூக்கும்போதே கை வலிக்கும். பெட்டியைப் பார்த்ததும், "இதுக்கு மேல இருக்கா தம்பி?" என்றார்.

"இல்லக்கா. எங்ககிட்ட இதுதான் கடைசி."

அன்று அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவருடைய முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து முன்னால் நீண்டிருந்தது, கூட்டத்தில் யாரையோ தேடுகிறவரைப்போல. இருபதும் முடிந்ததும் நாற்காலியைத் திருப்பினார். கண் சிவந்திருந்தது.

"எவ்ளோ?"

நோட்டில் பதினொன்று. நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"பதினாறு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த முகத்திடம் பதினொன்று என்று சொல்ல முடியவில்லை, அது ஒன்று. சொன்னால் இந்த ஞாயிறுகள் அத்தோடு முடிந்துவிடும் என்பது இன்னொன்று. பதினாறு என்றாலும் அவை முடியத்தான் போகின்றன என்பது அப்போது உறைக்கவில்லை.

"பதினாறா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். நோட்டைக் காட்டு என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. ஸ்விட்ச் மாற்றாததை வீடு தேடி வந்து சொன்னவன் நான். "பாதிக்கு மேல நான் சும்மா ஊகிச்சுத்தான் சொன்னேன்னு நினைச்சேன் தம்பி. அப்ப காதுக்குக் கேட்டிருக்கு. எனக்குத்தான் தெரியல."

அந்த வாரமே வாங்கிவிட்டார். முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பிறகு நான் போனது, பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கிற சாக்கில். முதல் முறை போனபோது அவர் பாட்டைப் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டு, "இப்ப அவ குரல் தனியா கேக்குதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார். நினைக்கிறேன் என்ற வார்த்தையை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த முறை, "நேத்து கேட்ட மாதிரி இருந்துது, இன்னிக்கு இல்ல" என்றார். அதற்கடுத்த முறை, பாடகர் குழுவில் யாருக்குச் சுருதி விலகுகிறது என்று சொல்கிற பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "நான் கேக்கறது சரியான்னே தெரியல. எதுக்குத் தப்பா ஒருத்தரச் சொல்லணும்." ரவா கேக் இல்லை. மறந்துவிட்டேன் என்றார்.

ஒரு புதன்கிழமை கடைக்கு போன் வந்தது. "தம்பி, தாம்பரத்துல காது டாக்டர்கிட்ட போகணும். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. கூட வரியா?"

அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியிலிருந்து பார்த்தேன். முப்பது வருடம் இப்படி ஒரு அறைக்குள் உட்கார்ந்து மற்றதைச் சோதித்தவர், இன்று தன்னையே சோதிக்கக் கொடுத்துவிட்டு, பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஒரு இளம்பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு ரொம்ப நல்ல காதும்மா" என்றார்.

"அப்ப எனக்குக் கேக்கணும் இல்ல டாக்டர்? டெஸ்ட் வச்சப்ப இருபதுக்குப் பதினாறு சரியாச் சொல்லியிருக்கேன். இப்ப அதே பாட்டை வீட்டுல போட்டா ஒண்ணுமே கேக்கல. காது நல்லாருக்குன்னா..." கொஞ்சம் நிறுத்தினார். "மூளைல ஏதாவது ஆரம்பிச்சிருக்குமா டாக்டர்?"

"அப்படி சந்தேகமா இருந்தா ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்மா" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாதிப் படியில் நான் நின்றுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்குப் பதினாறு இல்ல."

"என்ன?"

"பதினொண்ணு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்கேன் சீட்டைப் பார்த்தார். "பதினொண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இறுகியிருந்த அவர் முகம் மெல்லத் தளர்ந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அப்ப எனக்குக் கேக்கல."

"ஆமாக்கா."

"அப்பாடா" என்றார். சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டு படி இறங்கினார். கையை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. "அந்தப் பெட்டியால அவ குரலைப் பிரிக்க முடியாதுன்னும் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நீங்க சந்தோஷமா இருக்கணும்னு..."

"நான் சந்தோஷமாத்தானே இருந்தேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

கீழே வந்ததும் அவரே ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். நானும் ஏறப் போனேன். "நான் போயிக்கறேன். நீங்க கடைக்குப் போங்க சார்" என்றார். எட்டு மாதமும் தம்பி என்றும் நீ என்றும் கூப்பிட்டவர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கடையில் மற்றவர்களிடம் பேசுவதுபோல, மரியாதையாகச் சொன்னார்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த முதல் நாள் ஸ்விட்ச்சையும் சேர்த்து. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "இதுல என்னய்யா தப்பு? இதானே நம்ம வேலை" என்றார் அவர். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. நான் வற்புறுத்தி ஒத்துக்கொள்ள வைத்து அக்காவுக்குத் தகவல் அனுப்பினால், வேண்டாம் என்று பதில் வந்தது. பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதியிருந்தார். சில மாதங்களில் நான் அந்தக் கடையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு பள்ளியில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. ஆம்பூருக்குப் போன் செய்து, என் மனைவியிடம் நானே முதல் முறையாக, நீ வருவாயா மாட்டாயா என்று நேராகக் கேட்டேன். மாட்டேன் என்றாள். இப்போது யாராவது விசாரித்தால் அப்படியே சொல்கிறேன்.

அக்கா இப்போது இரும்புலியூரில் இல்லை. வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டதாகத் தெரிந்தது. எங்கே என்று எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் போவதற்கு முன், ஒரு கிறிஸ்துமஸ் அன்று மதியம், ஒரே ஒரு முறை பேசினேன். எடுக்க மாட்டார் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். எடுத்தார்.

"சொல்லுங்க சார்."

வாழ்த்துச் சொன்னேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். பாடகர் குழுவில் மறுபடியும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறாராம். பிறகு அவராகவே சொன்னார்: "அந்தப் பாட்டை அவளுக்கு அனுப்பினேன் சார், போன்ல. இதுல எது உன் குரல், எது என் குரல்னு கேட்டு."

"என்ன சொன்னாங்க?"

"பத்து நாள் பதிலே இல்ல. அப்புறம், 'எனக்கும் தெரியல'ன்னு அனுப்பினா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஞாயித்துக்கிழமை வரட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"இப்ப டெஸ்ட் ஒண்ணும் இல்லையே சார்" என்றார்.

போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் வந்தது. "அந்தப் பாட்டைத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். கேக்கறீங்களா?" என்றார். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அத்தனை விலையுள்ள பெட்டி, ஆளுயர ஸ்பீக்கர்கள், எல்லாம் என் சின்ன போனுக்குள் தகரம்போல ஒலித்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பாட்டு கடைசிக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. அது போய் முடிந்தபோது அந்தப் பக்கம் பாட்டும் முடிந்திருந்தது.

"முழுசா கேட்டுதா?" என்றார்.

"இல்லக்கா. நடுவுல ப்ளேன் போச்சு. கடைசி கேக்கல."

மறுபடி நாற்காலி நகரும் சத்தம் வந்தது.

"இருங்க" என்றார். "திரும்பப் போடறேன்."

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.